வளரும் பிள்ளையும் வளராத சட்டையும்

(ஜூபிலி விழாவையொட்டிப் பங்கு மண்டபத்தில் தாய்மார்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



"குடும்பச் சிக்கனம்" என்ற தலைப்பில் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். அது கடல் போன்ற பொருள். விறகு முதல் விளக்கு வரை சிக்கனம் பேசலாம்; அவற்றையெல்லாம் நீங்கள் பல மேடைகளில் கேட்டிருப்பீர்கள். ஆகவே நாங்கள் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். அது நம் பிள்ளைகளின் உடுப்பும் செருப்பும். இன்னும் நேராகச் சொன்னால், இன்னொரு வீட்டுப் பிள்ளை உடுத்திச் சிறிதாகிப்போன சட்டையை நாம் விலைகொடுத்து வாங்கி நம் பிள்ளைக்குப் போடலாமா என்பதே எங்கள் பேச்சு. அதோ பின்வரிசையில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. சற்றுப் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பிறகு சுளியுங்கள்.

நாம் நூலைப் பற்றி ஒன்றும் அறியாத ஊர்க்காரர்கள் அல்லர். 1885ஆம் ஆண்டில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து அருவியின் விசையை நம்பி இங்கே நூற்பாலை தொடங்கிய நாள் முதல், விக்கிரமசிங்கபுரத்தின் அடுப்பு பஞ்சினாலும் நூலினாலும் எரிந்தது. மில் சங்கைக் கேட்டு எழுந்து, மில் சங்கைக் கேட்டுச் சோறு வடித்த தாய்மார்களின் பேத்திகள் நாங்கள். நமக்கு அந்தப் பக்கம் வீரவநல்லூரில் தறிச்சத்தம் கேட்டது. ஒரு துணியை இரு விரலால் தேய்த்துப் பார்த்தே இது தாங்குமா, இரண்டு வெளுப்பில் நைந்துவிடுமா என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரிலும் பிள்ளைக்குச் சட்டை எடுக்கக் கடைக்குப் போனால் நாம் துணியைப் பார்ப்பதில்லை. பொம்மை போட்டிருக்கிறதா, மின்னுகிறதா என்றுதான் பார்க்கிறோம்.

முதலில் பிள்ளைகளின் கணக்கைப் பார்ப்போம். பிறந்த குழந்தை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் இருக்கும். முதல் பிறந்தநாளுக்குள் அது 75 சென்டிமீட்டரை எட்டிவிடுகிறது. ஒரே ஆண்டில் ஒன்றரை மடங்கு! வேறு எந்த வயதிலும் மனிதன் அப்படி வளர்வதில்லை. இரண்டு வயதைத் தாண்டிய பிறகு ஆண்டுக்கு ஆறு சென்டிமீட்டர் அளவில் வளர்த்தி நிதானமாகிறது. பாதமோ ஒன்று முதல் மூன்று வயது வரை மாதத்திற்கு ஒன்றரை மில்லிமீட்டர் போல நீள்கிறது. செருப்புக் கடையில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர்தான். ஆகவே இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆண்டுக்கு இரண்டு முறை செருப்பு மாற வேண்டும். அந்தச் செருப்போ தேய்ந்திருக்காது. பாதி நாள் அந்தப் பிள்ளை இடுப்பில்தானே சவாரி செய்திருக்கும்!

ஒரு கவுனுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் என்று எடுத்து வைத்து எட்டு முறை போடுவதற்குள் கை ஏறாமல் போய்விடுகிறது. ஒருமுறை போட 75 ரூபாய் வாடகை கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். "வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெரிசாவே தைங்க" என்று தையற்காரரிடம் சொல்லும் சாமர்த்தியம் நம்மிடம் உண்டு. அதன் பலன், முதல் ஆண்டு பிள்ளை சட்டைக்குள் தொலைந்துபோகிறது. இரண்டாம் ஆண்டு சட்டை சாயம் போய்விடுகிறது. சரியாகப் பொருந்துகிற ஆண்டு என்று ஒன்று வருவதே இல்லை.

விவிலியத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த தாய் சாமுவேலின் தாயாகிய அன்னா. மகனை ஆண்டவருக்கென்று சீலோவிலே விட்டுவந்த அந்தத் தாய், ஆண்டுதோறும் பலி செலுத்தக் கணவரோடு போகும்போது, சிறிய அங்கி ஒன்றைத் தைத்து எடுத்துப் போவாள் என்று சாமுவேல் முதல் ஆகமத்தில் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. கண்ணால் காணாத பிள்ளை இந்த ஓராண்டில் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனத்தாலேயே அளவெடுத்துத் தைத்திருக்கிறாள். சரி, போன ஆண்டு அங்கி என்னவாயிற்று? வேதம் அதைச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சில வரிகளிலேயே, ஆண்டவர் அருளால் அன்னாவுக்கு மேலும் மூன்று ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும் பிறந்தார்கள் என்று வருகிறது. அந்த அங்கிகள் எங்கே போயிருக்கும் என்று தாய்மார்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. (பாலைவனத்தில் நாற்பது ஆண்டுகள் இஸ்ராயேல் மக்களின் உடை நைந்துபோகவில்லை என்றும் படிக்கிறோம். நைந்துபோகவில்லை, சரி, பிள்ளைகள் வளர்ந்திருப்பார்களே, அந்தத் தாய்மார் என்ன செய்தார்கள் என்று எங்களில் ஒருவர் கேட்டார். சாமியாரிடம்தான் கேட்க வேண்டும்.)

பழைய துணி நமக்குப் புதிதும் அல்ல. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடலாகாது என்பது நம் பாட்டிமார் வழக்கம். தாத்தாவின் நைந்த வேட்டியையோ பாட்டியின் நூல்சேலையையோ கிழித்துத்தான் பிள்ளையைப் பொதிந்தார்கள். தூளி கட்டியதும் அந்தச் சேலையில்தான். இதை மூடநம்பிக்கை என்று சிலர் சிரிப்பார்கள். மில்லில் வேலை பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். தறியில் அறுந்துபோகாமலிருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுகிறார்கள். நெய்த பிறகு சாயம் ஏறுகிறது. சுருங்காமலிருக்கவும் மினுமினுக்கவும் இரசாயனப் பூச்சுகள் ஏறுகின்றன. சுருக்கம் விழாத துணிகள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு என்னும் பொருள் இருப்பதுண்டு; மென்மையான தோலுக்கு அது ஆகாது. பல வெளுப்புக் கண்ட துணியில் இவை பெரும்பாலும் போய்விடுகின்றன, நூலும் மிருதுவாகிவிடுகிறது. பாட்டிக்கு இரசாயனம் தெரியாது, தோல் தெரிந்திருந்தது.

அக்காள் பாவாடை தங்கைக்கும், அண்ணன் டவுசர் தம்பிக்கும், பெரியம்மா மகன் சட்டை சித்தி மகனுக்கும் போவதில் எவருக்கும் வெட்கமில்லை. வாசலுக்கு வரும் பாத்திரக்காரியிடம் பழைய சேலையையும் பேண்டையும் போட்டு எவர்சில்வர் தூக்குச்சட்டி வாங்குவதிலும் வெட்கமில்லை. அந்தத் துணியில் நல்லதைத் துவைத்துத் தைத்து எங்கோ யாரோ விற்கிறார்கள், யாரோ வாங்குகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். அப்படியானால் வெட்கம் எங்கே வருகிறது?

வாங்குகிற கை, கொடுக்கிற கைக்குக் கீழே இருக்கும்போதுதான் வருகிறது. இதை ஒளிக்காமல் பேசுவோம். இந்த ஆற்றுப் பாசனப் பகுதியில் பண்ணை வீடுகளில் பாடுபட்டவர்களுக்கும், ஊருக்கு ஊழியம் செய்தவர்களுக்கும், பண்டிகைக்குப் பண்டிகை பழந்துணி கொடுப்பது வழக்கமாயிருந்தது. அது கூலியில் ஒரு பங்கு. அதே சமயம் "உன் நிலை இதுதான்" என்று சொல்லும் அடையாளமும் கூட. குனிந்து வாங்கிய அந்தத் துணியின் நினைவு சில குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. ஆகவே பழைய சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழையும்போது, "நல்ல சட்டைதானே, ஏன் வேண்டாம் என்கிறார்கள்?" என்று கேட்பது நியாயமல்ல. சட்டை நல்லதுதான். கொடுக்கும் விதம்தான் உறுத்துகிறது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது இது நாடறியத் தெரிந்தது. நாகப்பட்டினம் முதலான கடற்கரை ஊர்களுக்கு இந்தியா முழுவதிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்து இறங்கின. அன்பினால் வந்தவைதான். ஆனால் அழுக்கும் கிழிசலும், அந்த ஊருக்கு ஒவ்வாத கம்பளியும் அதில் கலந்திருந்தன. சொந்தப் படகு வைத்து உழைத்து வாழ்ந்த மீனவ மக்கள், பிறர் உடுத்திக் கழித்ததைத் தொடவும் மறுத்தார்கள். சாலையோரங்களில் துணிகள் குவியல் குவியலாய்க் கிடந்து மழையில் நனைந்து மக்கின. டெல்லியில் 1999ஆம் ஆண்டு அன்சு குப்தா என்பவர் 67 துணிகளோடு ஆரம்பித்த "கூஞ்ச்" என்னும் தொண்டு நிறுவனம் இங்கு வந்து, அந்தக் குவியல்களை அள்ளித் தரம் பிரிக்கும் பெரும் வேலையைச் செய்தது. அவர்கள் கைக்கொண்ட வழி கவனிக்கத்தக்கது. துணியைத் தானமாகக் கொடுப்பதில்லை. ஊர் மக்கள் கூடிக் கிணறு தூர்வாரினாலோ, பாதை போட்டாலோ, அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி தருவார்கள். வாங்குகிறவர் தலைநிமிர்ந்து வாங்குவார். குப்தா அவர்களுக்கு 2015ஆம் ஆண்டு மகசேசே விருது கிடைத்தது.

நம் மாவட்டத்திலும் நல்ல முயற்சிகள் நடந்ததுண்டு. 2017ஆம் ஆண்டில், அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த திரு. சந்தீப் நந்தூரி அவர்களின் முயற்சியால் பாளையங்கோட்டையில் "அன்புச் சுவர்" திறக்கப்பட்டது. வேண்டாததை வைத்துவிட்டுப் போகலாம். தேவையானதை எடுத்துக்கொண்டு போகலாம். யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. 2015இல் ஈரான் நாட்டு மஷாத் நகரில், ஒரு சுவரில் சில கொக்கிகளை அடித்துக் கோட்டுகளைத் தொங்கவிட்டதில் தோன்றிய யோசனை அது. 2023 மே மாதத்தில் நாடெங்கும் நகராட்சிகள் பழைய பொருள்களை வாங்கி மறுபயனுக்குக் கொடுக்கும் மையங்களைத் திறந்தன. இவற்றை நாங்கள் மனதாரப் போற்றுகிறோம். என்றாலும் தாய் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நாலுபேர் போகிற வழியில் சுவரோரம் நின்று பிள்ளைக்குச் சட்டை தேடும் தாய்க்கு, கேள்வி கேட்க ஆளில்லாவிட்டாலும் பார்க்க ஆள் இருக்கிறது. அந்தச் சட்டையே மேசையில் 80 ரூபாய்ச் சீட்டோடு கிடந்தால், அவள் புரட்டிப் பார்ப்பாள், காஜாவை இழுத்துப் பார்ப்பாள், 60க்குக் கேட்பாள், பிடிக்காவிட்டால் போட்டுவிட்டுப் போவாள். வேண்டாம் என்று சொல்லும் உரிமையை அந்த 80 ரூபாய்தான் அவளுக்குத் தருகிறது. இலவசமாய்க் கிடைத்ததை வேண்டாம் என்று சொன்னால் நன்றிகெட்டவள் என்று பேர் வருமே!

இதைக் கேட்டு யாரும் தர்மத்தைத் தாழ்த்திப் பேசுவதாக எண்ண வேண்டாம். 1833இல் பாரிஸ் மாநகரில் பிரெடெரிக் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளின் வீடு தேடிச் சென்றது. இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்தச் சபையே பழைய உடுப்புக் கடைகளை நடத்துகிறது. வறியவருக்குச் சீட்டுக் கொடுத்து, அதே கடையில் மற்றவர்களைப் போலத் தெரிந்தெடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தர்மம் ஒழியவில்லை, அது கடைக்குள் போய்த் தன் முகத்தை மறைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

பங்குகள் இதை எப்படிச் செய்கின்றன என்பதற்கு ஜெர்மனி நாடு நல்ல உதாரணம். அங்கே இளவேனிலில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை, பங்கு மண்டபங்களிலும் பாலர் பள்ளிகளிலும் பிள்ளைகள் உடுப்புச் சந்தை கூடுகிறது. நடத்துகிறவர்கள் தாய்மார்கள். விற்க விரும்புகிறவருக்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு உடுப்பிலும் அந்த எண், அளவு, விலை மூன்றையும் எழுதிய சீட்டைக் குத்திக் கொடுக்க வேண்டும். மேசைகளில் உடுப்புகள் வீடுவாரியாக அல்ல, அளவுவாரியாக அடுக்கப்படும். மாலையில் எண்ணைப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பார்கள். விற்ற பணத்தில் நூற்றுக்குப் பத்தோ இருபதோ பாலர் பள்ளிக்கு, மிச்சம் உரியவருக்கு, விற்காதது திரும்ப வீட்டுக்கு. அங்கே அப்படி வாங்குகிறவர்கள் ஏழைகள் மட்டும் என்று நினையாதீர்கள். காரில் வந்து இறங்குகிறவர்களும் வாங்குகிறார்கள். எல்லாரும் வாங்குவதனால்தான் எவருக்கும் வெட்கமில்லை.

பணமே இல்லாமலும் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் முதல் தேதி துணிக்கு ரேஷன் வந்தது. 1949 வரை நீடித்தது. வளரும் பிள்ளைகளுக்குக் கூப்பன் போதவில்லை. அப்போது பெண்கள் தொண்டர் படையினர் ஊர்தோறும் பரிமாற்ற நிலையங்கள் திறந்தார்கள். சிறிதான கோட்டையும் ஷூவையும் கொண்டுபோனால் மதிப்பெண் போடுவார்கள். அந்த மதிப்பெண்ணுக்குப் பெரிய அளவை எடுத்துக்கொண்டு வரலாம். பணக்கார வீடும் ஏழை வீடும் ஒரே வரிசையில் நின்றன.

இனி, இதை ஏன் இந்த ஜூபிலி ஆண்டில் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறோம். லேவியர் ஆகமத்து ஜூபிலி என்பது தோரணமும் மலரும் அல்ல. கடனுக்காகக் கைவிட்டுப்போன நிலம் திரும்பிவர வேண்டும். கடனுக்காக அடிமைப்பட்டவன் வீடு திரும்ப வேண்டும் என்பதே அதன் கட்டளை. கடனுக்கு ஈடாக ஏழையின் மேலாடையை வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிடு, அவன் எதைப் போர்த்திப் படுப்பான் என்று விடுதலைப்பயண ஆகமம் கேட்கிறது. உடுப்பையும் கடனையும் ஒன்றாக வைத்து ஆண்டவர் பேசியிருக்கிறார். நம் ஊரிலும் அவை ஒன்றாகத்தான் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் வருகிறது, மூன்று பிள்ளைகள், உடுப்பும் செருப்புமாக 5,000 ரூபாய் ஆகிறது. தட்டோடு உட்கார்ந்து பீடி சுற்றும் தாய்க்கு அது எத்தனை ஆயிரம் பீடி என்று விரல் நுனியில் தெரியும். அவ்வளவு சுற்ற நாள் இல்லை, கடன் வாங்குகிறாள். ஐந்து வட்டி என்றால் மாதம் 250 ரூபாய். அடுத்த கிறிஸ்துமசுக்குள் 3,000 ரூபாய் வட்டி கட்டியிருப்பாள், முதல் அப்படியே நிற்கும், சட்டையோ சிறிதாகியிருக்கும். பத்து வட்டியென்றால் 6,000. வாங்கியதைவிட வட்டி பெரிது. கந்துவட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் பெற்றோரும் இரு சிறு பெண்குழந்தைகளுமாக ஒரு குடும்பமே தீக்கு இரையானபோது நாம் எல்லாரும் கண்டோம். அதற்கு முன் 2003ஆம் ஆண்டிலேயே அதிக வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. தேவையில் ஒரு பகுதியையாவது நாம் குறைக்க முடியும்.

கிறிஸ்துமசுக்குப் பிள்ளைக்கு ஒரு புதுச்சட்டை எடுப்பதை நாங்கள் விடச் சொல்லவில்லை. புதுத்துணியின் வாசனை பிள்ளைக்கு உரிய சந்தோஷம். அதைச் சிக்கனத்தின் பேரால் பிடுங்கக் கூடாது. முக்கியமாக இளைய பிள்ளைக்கு. அண்ணன் அக்காளின் மிச்சத்தையே ஆண்டு முழுவதும் உடுத்துகிற பிள்ளை அது. ஆண்டில் ஒருநாளாவது அதன் பேருக்கே ஒன்று எடுக்க வேண்டும். நாங்கள் சொல்வது மற்ற 364 நாள் உடுப்பைப் பற்றி.

அதைவிட முக்கியமாகப் புதுநன்மை உடுப்பைப் பற்றி. வெள்ளைக் கவுன், முடி, முக்காட்டு வலை, கையுறை, வெள்ளை ஷூ. பையனுக்கு முழுக்கை வெள்ளைச் சட்டை, பேண்ட். ஒரே நாள் உடுத்துகிறார்கள். பிறகு பெட்டிக்குள் போய்ப் பழுப்பேறுகிறது. ஆண்டவரை முதன்முதல் உட்கொள்ளும் நாளில், பக்கத்துப் பிள்ளையின் கவுனில் எத்தனை அடுக்கு என்று எண்ணிக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் பார்த்திருக்கிறோம். எண்ணக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான். ஜெர்மனியில் பல பங்குகளில், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரியான வெள்ளை அங்கியைப் பங்கே வைத்திருந்து இரவல் கொடுக்கிறது. நம் வீட்டுப் பெட்டிகளில் இப்போது உறங்கும் புதுநன்மை உடுப்புகளை மட்டும் வெளியே எடுத்தாலே, வருகிற பல ஆண்டுகளுக்கு நம் பங்குக்குப் போதும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. தகப்பனாரின் தங்கை உடுத்தியது, மதினி மகள் உடுத்தியது என்று ஞாபகத்துக்கு வைத்திருப்பவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பழுப்பேறிய பிறகு ஞாபகம் மட்டும்தான் மிஞ்சும், உடுப்பு மிஞ்சாது.

துணியை வீணாக்குவது பற்றிப் பேசினால் நம் ஆறு நினைவுக்கு வராமலிருக்காது. பாபநாசம் படித்துறையில் நீராடுகிறவர்கள் உடுத்திய துணியைத் தண்ணீரில் விட்டுப் போகிறார்கள். நகராட்சியாரும் தொண்டர்களும் டன் கணக்கில் வாரி எடுக்கிறார்கள். அது பிற சமயத்தவரின் நம்பிக்கை சார்ந்தது. அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. நம் பரண்மேல் மூட்டையில் கிடக்கும் துணிக்கும் ஆற்றில் கிடக்கும் துணிக்கும் என்ன வித்தியாசம் என்பதை மட்டும் நம்மிடமே கேட்டுக்கொள்வோம்.

வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சிலவற்றைச் சொல்கிறோம். சட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நைந்த இடம் தெரியும். அக்குளும் கழுத்துப்பட்டையும் முதலில் நைவன. தையல் விட்டிருந்தால் பயமில்லை, பத்து நிமிட வேலை. துணி நைந்திருந்தால் எந்த ஊசியும் உதவாது. ஜிப்பை நாலுமுறை ஏற்றி இறக்குங்கள். எலாஸ்டிக் போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். கைக்குழந்தையின் உடுப்பில் ஆடும் பொத்தானையும், கழுத்தில் இழுத்துக் கட்டும் நாடாவையும் வீட்டுக்கு வந்ததும் வெட்டி எடுத்துவிடுங்கள்; ஒன்று தொண்டைக்கு ஆபத்து, மற்றது கழுத்துக்கு. சொறி சிரங்கு தொற்றுமோ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிரங்குப் பூச்சி மனித உடம்பை விட்டால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிர் வாழாது. துணியைப் பையில் கட்டி ஒரு வாரம் வைத்து, பிறகு கொதிக்கும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நம் ஊர் வெயிலில் காயப்போட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

செருப்பு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தோல் ஷூ போடுகிறவரின் பாதத்துக்குத் தக்கபடி உருமாறிவிடுகிறது. ஒரு பிள்ளை நடையின் கோணலை மற்றப் பிள்ளையின் கால் சுமக்கலாகாது. ஆகவே ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் ஒருபக்கம் தேய்ந்திருந்தாலோ, பின்பக்கம் சாய்ந்திருந்தாலோ, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். உள்ளே கையைவிட்டு விரல் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அடியைப் பாதியாக மடித்தால் விரல் மடியும் இடத்தில் மடிய வேண்டும். பிள்ளையை நிற்க வைத்து, பெருவிரலுக்கு முன்னால் நம் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நடை பழகும் பிள்ளை நாள் முழுவதும் போட்டு நடப்பதற்குப் பழைய ஷூ வேண்டாம். முடிந்தால் புதிதாகவே எடுங்கள், இல்லையேல் வீட்டில் வெறுங்காலோடு விடுங்கள், அதுவே நல்லது. விழாவுக்குப் போட்ட வெள்ளை ஷூ, மழைக்கால ரப்பர் செருப்பு, வார் செருப்பு, இரண்டு மாதம் போட்ட கேன்வாஸ் ஷூ, இவை தாராளமாக வாங்கலாம்.

பள்ளிச் சீருடை இந்தச் சந்தைக்கென்றே பிறந்தது. அரசு, உதவிபெறும் பள்ளிகளில் சத்துணவுப் பிள்ளைகளுக்கு 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு சோடி சீருடையை அரசு கொடுத்து வருகிறது. மெட்ரிக் பள்ளிக்கு அனுப்புகிற வீடுகளில்தான் மே மாதம் வயிற்றைக் கலக்குகிறது. சீருடையில் எல்லாம் ஒரே நிறம். யாருடைய சட்டை என்று எவரும் கண்டுபிடிக்க முடியாது. பள்ளி நிர்வாகங்கள் நாலாண்டுக்கு ஒருமுறை நிறத்தை மாற்றாமலிருந்தால் நமக்கு இன்னும் உபகாரமாயிருக்கும்.

மற்ற உடுப்புகளில் ஒரு சங்கடம் உண்டு. நம்முடையது சின்ன ஊர். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு பயல் எழுந்து, "ஏல, இது எங்க அண்ணன் சட்டைல்லா!" என்று சொல்லிவிட்டால், அந்தச் சட்டையை மறுபடி அந்தப் பிள்ளை தொடமாட்டான். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் பல தாய்மார் தயங்குகிறார்கள். நாங்கள் பலநாள் யோசித்ததில் இரண்டு வழி தோன்றியது. அக்கம்பக்கத்துப் பங்குகளோடு பேசி, நம் உடுப்பு அங்கேயும் அங்குள்ளது இங்கேயும் விற்கும்படி மாற்றிக்கொள்வது ஒன்று. சந்தைக்கு வரும்போது பிள்ளைகளைக் கூட்டி வராமல் அளவு நூலை மட்டும் கொண்டு வருவது மற்றொன்று. மூன்றாவதாக, அந்தப் பயலின் தாய்மாரும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஜூபிலி விழா முடிந்த அடுத்த மாதம், இந்த மண்டபத்தில் முதல் சந்தையை நடத்தப் பங்குத் தந்தை அவர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். விலை, புது விலையில் நாலில் ஒன்றைத் தாண்ட வேண்டாம். விற்ற பணத்தில் பத்தில் ஒன்று, புதுநன்மை உடுப்புகளைத் துவைத்துப் பாதுகாக்க எடுத்துக்கொள்ளப்படும், மிச்சம் உங்களுக்கே. பணம் வேண்டாதவர்கள் எண்ணுக்குப் பதில் சீட்டில் சிலுவை போட்டால், அது முழுவதும் பங்குக்கு. இறந்துபோன பிள்ளையின் உடுப்பைக் கொண்டுவர வேண்டியதில்லை. அதைக் கேட்கவும் மாட்டோம். வசதியுள்ள வீட்டார் விற்பவர்களாக மட்டும் வந்து நிற்காமல், நாலு உடுப்பாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் வாங்குவதைப் பார்த்தால்தான் மற்றவர்கள் மேசையருகே வருவார்கள்.

துவைத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டதை மட்டும் கொண்டு வாருங்கள். பனியன், ஜட்டி, சாக்ஸ் வேண்டாம். சீட்டுக் குத்த ஊக்கு நிறைய வேண்டும். வீட்டில் கிடப்பதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு மறைக்கல்வி ஆசிரியைகளிடம் கொடுத்துவிடுங்கள்.